மாயழகுவின் வலது கால்

இப்போது ஆட்கள் மனிதனின் வாயை நம்புவதில்லை. அறுபது வயதுக் கிழவன் முன்னால் வந்து நின்று, "நான் இஞ்சைதான் பிறந்தனான்" என்று சொன்னால், ஓம் என்று கேட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே? இல்லை. கடதாசி எங்கே என்கிறார்கள். பிறந்த அன்றைக்கு நான் அழுவேனா, கடதாசி கேட்பேனா?

என் மகள் இரஞ்சிதத்துக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் வேலை வந்திருந்தது. வேலையில் சேருவதற்கு முன், அவளுடைய தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவன் என்று வருஷம் முடிவதற்குள் காட்டவேண்டுமாம். காட்டாவிட்டால் வேலை வேறொருத்திக்கு. வவுனியா அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இருந்து அப்படித்தான் கடிதம் வந்தது.

எல்லா வில்லங்கமும் என் தகப்பனார் மாயழகுவால் வந்தது. அவர் இராமநாதபுரத்துப் பக்கம் இருந்து இளவயதில் தோணி ஏறி வந்தவர். தேயிலைத் தோட்டத்துக்கென்று ஒரு கூட்டத்தோடு மன்னாரில் இருந்து நடந்தவர், வழிதவறி, கனகராயன்குளத்தில் தண்ணீர் குடிக்க நின்று, அப்படியே நின்றுவிட்டார். அங்கேதான் நான் பிறந்தேன். பிறந்ததைப் பதியவேண்டும் என்று ஆருக்குத் தெரியும்?

ஆனால் என் தகப்பனார் சும்மா ஆள் இல்லை. முதலாம் உலக யுத்தத்தில், பட்டாளத்துக்கு மண் வெட்ட ஆள் எடுத்தபோது, அரபு நாட்டுப் பஸ்ராவுக்குப் போனவர். வலது கால் கெண்டைச் சதையில் ஜேர்மன்காரன் குத்திய தழும்பு இருந்தது. இரண்டு வருஷம் கழித்து வந்தபோது, ஒரு பனையோலைப் பெட்டி நிறையப் பேரீச்சம்பழமும் பட்டாளத்துப் பித்தளைப் பொத்தான் ஒன்றும் கொண்டுவந்தார். அந்தப் பழத்தை நானே தின்றிருக்கிறேன். அவருடைய திவசத்தன்று இன்றைக்கும் அந்தப் பொத்தானுக்குச் சந்தனம் வைத்துத்தான் படைக்கிறோம்.

அதனால், கச்சேரி வாசலில் மேசை போட்டுப் மனு, பெற்றிசன் எழுதுகிற மஹ்றூப்பிடம் போய், "என்ர அப்பு அரசனுக்காகச் சண்டைக்குப் போனவர். பட்டாளத்தில ஊர், பிள்ளை, குட்டி எல்லாம் பதிஞ்சிருப்பாங்கள். கேட்டு எழுதும்" என்றேன். எழுதினான். ஐந்து மாதம் கழித்து, நீளமான உறை ஒன்று வந்தது. உள்ளே இங்கிலிஷ். இரஞ்சிதத்தையும் கூட்டிக்கொண்டு மஹ்றூப்பிடம் போனேன்.

வாசித்துக்கொண்டு போனவன் இடையில் நிறுத்தினான்.

"வீரகத்தியண்ணை, ஒரு தேத்தண்ணி குடிப்பமோ?"

"ஏன், செத்தவீட்டுச் செய்தியே? வாசியும்."

"ஆள் மாயழகு. வயது நாற்பது. ஊர் கனகராயன்குளம். ஒரே மகன் வீரகத்தி, வயது பத்தொன்பது, அதே ஊரிலதான் பிறந்தவர்."

இரஞ்சிதம் கை தட்டினாள். "போதும் ஐயா! இதுதானே வேணும்!"

"பொறும் பிள்ளை, இன்னும் கிடக்கு" என்றான் மஹ்றூப். "சித்திரை வருஷத்துக்கு முதல் நாள், கப்பல் ஏற முன்னம், கொழும்பில இருந்து ஆள் ஓடிட்டாராம். பிடிபடேல்லை. அரசாங்கத்துக் கோட்டுச் சட்டை ஒண்டு, பித்தளைப் பொத்தான் ஆறு திரும்பி வரேல்லை. அடையாளம், வலது காலில முதலை கடிச்ச தழும்பு."

"அது ஜேர்மன்காரன் குத்தினது!"

"அண்ணை, பஸ்ராவில நிண்டவன் துருக்கிக்காரன்."

"ஆரோ ஒருத்தன் குத்தினவன். அப்ப நான் திண்ட பேரீச்சம்பழம்?"

"அந்தக் காலத்தில மாங்குளத்துக் கடையில எங்கட வாப்பாவும் பேரீச்சம்பழம் வித்தவர்" என்றான், மெதுவாக.

இரஞ்சிதம் சிரிப்பை அடக்கவில்லை. "நானும் சின்னனில இருந்து யோசிக்கிறனான், பஸ்ராவில ஏது பனையோலைப் பெட்டி எண்டு. ஐயா, எங்கட அப்பப்பா நழுவுறது இது முதல் தரமே? தேயிலைக்குப் போன கூட்டத்தையும் விட்டு நழுவினவர்தானே!"

"வாயை மூடு. அவர் வழி தவறினவர்."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நாற்பது வருஷமாக அந்தக் கோட்டுச் சட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கடதாசியில் உள்ளவன் என் தகப்பன் என்று நான் கையெழுத்து வைத்தால், அடுத்த கிழமை, "கோட்டைக் கொண்டுவா" என்று பொலிஸ் வரும். பிறந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கோட்டுக் கள்ளனைப் பிடிக்கிற வேலை இது.

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றேன்.

வீட்டில் மூன்று நாள் சண்டை. என் மனுசி இலட்சுமி குசினியில் சட்டி பானையோடு கதைத்தாள், என்னோடு கதைக்கவில்லை. மகள் மட்டும் வந்து முன்னால் நின்றாள்.

"ஐயா, கோட்டை எலி திண்டிட்டுது எண்டு சொல்லலாம். என்ர வேலையையும் எலி திண்டதெண்டே நான் சொல்லுறது?"

நாலாம் நாள் வேட்டியை மாற்றினேன். வீட்டில் விட்டுப் போனால் ஆராவது தேடி வரக்கூடும் என்று, பொத்தானைச் சாமியறையில் இருந்து எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

கச்சேரியில் கண்ணாடி போட்ட ஒரு ஐயா இருந்தார். கடதாசியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். ஆளை உறுதிப்படுத்தவேண்டும், சத்தியம் செய்து சொல்லவேண்டும் என்றார்.

"உம்மட தகப்பனுக்கு உடம்பில தழும்பு இருந்ததோ?"

"இருந்தது. வலது காலில."

"எப்படி வந்தது?"

கதிரையில் இருந்த இரஞ்சிதம் சேலைத் தலைப்பை முறுக்கினாள். அவளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. இங்கே நான் ஜேர்மன்காரன் என்றால், ஆள் வேறு என்று எழுதிக் கடதாசியைக் கட்டிவைத்துவிடுவார்கள்.

"கடிச்சது" என்றேன்.

"எது கடிச்சது?"

"முதலை எண்டு எழுதுங்கோ."

"நான் எழுதுறது இருக்கட்டும். நீர் சொல்லும்."

மகளைப் பார்த்தேன். அவளுடைய முறுக்கில் சேலை கிழிந்துவிடும்போல் இருந்தது.

"முதலை" என்றேன்.

அவர் எழுதினார். எனக்குத் தெரிந்த மட்டில் பேரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். எழும்பியபோது, மடியில் இருந்த பொத்தான் நழுவிச் சீமெந்து நிலத்தில் விழுந்து, உருண்டுபோய் அவருடைய மேசைக் காலில் முட்டி நின்றது. குனிந்து எடுத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பொத்தானின் ஓட்டையில் போன திவசத்துச் சந்தனம் காய்ந்து கிடந்தது.

"இது என்ன?"

"சாமிச் சாமான்" என்றேன்.

அவர் கடதாசியில் பொத்தான் பற்றிய வரியை ஒருமுறை பார்த்தார். பிறகு பொத்தானை என் கையில் வைத்தார்.

"கவனமாக் கொண்டு போம். மற்ற அஞ்சும் எங்கையெண்டு நான் கேக்கேல்லை."

சிரித்தாரோ, இருமினாரோ தெரியாது. எனக்கு அது பிடிக்கவில்லை. நல்லபடியாகக் கதைக்கிறவர்கள்தான் பிறகு ஆள் அனுப்புவார்கள்.

வெளியே இரஞ்சிதம் முத்திரை குத்திய கடதாசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு துள்ளினாள். மஹ்றூப் மேசையை விட்டு எழுந்து வந்தான்.

"முடிஞ்சுது அண்ணை. இப்பவாவது முதலைதான் எண்டு ஒத்துக்கொள்ளுங்கோவன்."

"அது அவளுக்காகச் சொன்னது. கடிச்ச தழும்பெண்டால் முதலைதான் கடிச்சிருக்கவேணுமோ? ஏன், ஜேர்மன்காரனுக்குப் பல்லில்லையோ?"

"துருக்கிக்காரன், அண்ணை!"

"அவனுக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மடியில் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டு, பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.