ஏழு பக்கத்தில் ஒரு நல்லவன்

வாசிக்கப்படும் கதை தன்னுடையதுதான் என்பதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை, பகலவன் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைதான் அறிந்துகொண்டான்.

புளியந்தோப்புக் குடியிருப்பின் தரைத்தளத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில் ஆசிரியரின் பெயர் கடைசிவரை வெளிப்படாது. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று, ரயில்வே எழுத்தர் பீம்ராவ் கதைகளையெல்லாம் தம் கையாலேயே படியெடுத்துக் கொடுப்பார். அபிப்பிராயம் சொல்பவர் அதற்குரிய வரியைக் காட்டியாக வேண்டும். விவாதம் முடிந்ததும் ஆசிரியர் கைதூக்கி உரிமை கோரினால் கதை வட்டம் வெளியிடும் ஏப்ரல் மலரில் அச்சேறும். கோராவிட்டால் பீம்ராவின் இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். திருவொற்றியூர்ப் பட்டறையில் லேத் ஓட்டும் பகலவனின் பெயர் அதுவரை வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அச்சானதில்லை.

கதையின் நாயகன் செழியன் ஆலை வாயிலில் சமத்துவம் முழங்குபவன். பீம்ராவ் வாசித்து முடித்ததும் ஷேர் ஆட்டோ ஓட்டும் வரதன் எழுந்தான்.

"செழியன் தங்கம்பா! மூணாம் பக்கம் பாரு. வேலைய வுட்டுத் தூக்குன எட்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்புடுறான். இன்னா மன்சன்!"

பகலவன் அடக்கமே உருவாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அந்தாளு மேல ஒரு சந்தேகம் கீது பீம்ராவ் அண்ணே," என்றது பழக்கப்பட்ட குரல். பால்வாடி ஆசிரியையான அவன் மனைவி அன்புக்கரசி, தன் பிரதியில் பென்சிலால் ஏகப்பட்ட கோடுகள் இழுத்திருந்தாள். கதை யாருடையது என்பது அவளுக்கும் தெரியாது.

"எட்டு பேருக்கும் பேரு கீது, சரி. நாலாம் பக்கத்துல வாட்ச்மேன் நாயிக்குக்கூட பேரு கீது. பொண்டாட்டிக்கு? ஏழு பக்கமும் தேடிட்டேன். 'அவள்'. அவ்ளோதான்."

"அது எழுதுனவரு மறந்துருப்பாரு அண்ணி."

"அஞ்சாம் பக்கம் படி வரதா. 'நனைந்து வந்தவன் கை நீட்டினான், துண்டு வந்தது.' யார் குடுத்தாங்க? துண்டு தானா நடந்து வந்துச்சா? அவனுக்குத் துண்டு எங்க மாட்டிகீதுன்னே தெரியாது."

"அப்டின்னு கதையில இல்லியே!"

"எழுதல. ஆனா தெரியுது பாரு."

எழுதப் படிக்கத் தெரியாமல் காதால் மட்டுமே வாசிக்கும் சொக்கம்மாள் தலையாட்டினாள். "இவ சொல்றது ரைட்டு நைனா. எனக்கும் கேக்கசொல்ல ஒரு மாரி இருந்துச்சு."

"ஆளு கெட்டவன் இல்ல," என்று அன்புக்கரசி தீர்ப்பை நிறைவு செய்தாள். "ஆலை வாசல்ல நிக்கிற வரைக்கும் நல்லவன். வூட்டுக்குள்ள அவனுக்குக் கண்ணு தெரியாது. எழுதுனவருக்கும் தெரியல. அதுதான் பேஜாரு."

பகலவன் தன் வீட்டில் துண்டு எங்கே மாட்டியிருக்கிறது என்று மனத்துக்குள் தேடிப்பார்த்தான், அகப்படவில்லை.

பீம்ராவ் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "எழுதுனவங்க யாராச்சும் கை தூக்குறீங்களா?"

பேசாமல் இருந்துவிட்டால் போதும், செழியன் யாரோ ஒருவனாகவே இருந்துவிடுவான். ஆனால் இரும்புப் பெட்டிக்குள் போவது அவன் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய கதை. பகலவன் கையைத் தூக்கினான். அது தோளுக்கு மேலே போக மறுத்தது.

வரதன் வெடித்துச் சிரித்தான். "அண்ணி, மாட்னியா!"

பீம்ராவும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இன்னாம்மா அன்பு, சொன்னத வாபஸ் வாங்கிக்கிறியா?"

அவள் கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். கன்னம் சிவந்திருந்ததே தவிரக் குரல் தாழவில்லை. "இன்னாத்துக்கு? எழுதுனவன் ஆருன்னு தெரிஞ்சதும் வரி மாறிடுமா?"

பீம்ராவ் பகலவன் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் திருத்திக் குடுக்குறியாப்பா? பொண்டாட்டிக்கு ஒரு பேர வெச்சிட்டா முடிஞ்சுது."

"வாணாம் அண்ணே. இப்ப திருத்துனா, நான் நல்லவன்னு நானே எழுதிக்குன மாரி ஆயிடும். அப்டியே போடுங்க. என் பேரையும் போடுங்க. படிக்கிறவங்க இன்னா வேணா நெனச்சுக்கட்டும்."

"பொழச்சே போ," என்றாள் அன்புக்கரசி.