பின் சீட்டின் வெள்ளை உறை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் முதுகுக்குப் பின்னால் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம்.

என் வீட்டுக் கீழ்த்தளத்தில் இரண்டு பழைய கார்கள் நிற்கின்றன. ஒன்று, இருபத்திரண்டு வயதான ஆறு சிலிண்டர் பெட்ரோல் கார். மற்றது, பதினான்கு வயதான ஹைபிரிட். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். வாங்கிய காலத்தில் தெருவே நின்று பார்த்த வண்டிகள். இன்று தெரு சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்த இரண்டாவது காரை வைத்து, வீட்டில் ஒருத்தி மேல் அபாண்டமாகப் பழி போட்டேன். அதிலிருந்து பிறந்தது இது.

கதையில் வரும் பெரியவர் நான்தான். மறைக்கவில்லை. ஆனால் 'நான்' என்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் நல்லவனாகவே வெளியே வந்தேன். ஆகவே இனி 'அவர்'. அவருக்கு எந்தச் சலுகையும் காட்டுவதாக இல்லை.

2

முதல் தொடக்கம்:

*திங்கட்கிழமை காலை, நெரிசலுக்கு நடுவே, கார் தானாகவே*

(வேண்டாம். பெரியவர் முப்பத்தோரு வருடம் காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சேத மதிப்பீட்டாளராக இருந்தவர். எரிந்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, வெடித்த கொதிகலன் எதுவானாலும் நேரில் போய்ப் பார்த்து, யார் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் அவர் வேலை. 'தானாகவே பற்றிக்கொண்டது சார்' என்று வந்து நின்றவர்களை அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும்.)

இரண்டாவது தொடக்கம்:

*பெரியவரின் மருமகள் நீச்சல் பயிற்சியாளர். அவள் அறைக்குள் வருவதற்கு முன்பே குளோரின் வாசனை வந்துவிடும்.*

(இது பரவாயில்லை. ஆனால் அவளை முதலில் நிறுத்தினால் கூண்டில் நிறுத்தியது போல ஆகிவிடும். ஏற்கெனவே ஒரு முறை நிறுத்தியாயிற்று.)

சரி. உறையிலிருந்து தொடங்குகிறேன்.

3

ஹைபிரிட் காரின் பின் சீட் இளம் பழுப்புத் தோல். பதினான்கு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. மாதம் ஒரு முறை பெரியவர் தன் கையாலேயே அதற்குக் களிம்பு தடவுவார். மருமகள் வந்த பிறகு அந்தச் சீட்டில் நீச்சல் பலகைகளும் ஈரப் பைகளும் ஏறின. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருமகளிடம் சில்லறை விஷயத்துக்கு வாய் கொடுப்பது அவருக்குக் கௌரவமாகப் படவில்லை. பதிலாக, டேப் வைத்து அளந்து, கெட்டியான வெள்ளைத் துண்டுத் துணியில் ஓர் உறை தைத்து மாட்டினார். முழுச் சீட்டுக்கும். இரண்டு ஓரமும் உள்ளே நன்றாகச் செருகி, சுருக்கம் இல்லாமல்.

"சீட்டுக்குச் சட்டை போட்டாச்சு. இனி பொத்தான் வைக்கிறதுதான் பாக்கி" என்றாள் அவர் மனைவி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காரை அவருக்கு அடுத்தபடியாக நேசித்தவள் அந்த மருமகள்தான். மகனுக்கு அது, வந்துவிட்டுத் திரும்பிப் போகத் தெரியாத விருந்தாளி. அவளோ சத்தத்தை வைத்தே நோய் சொல்வாள்.

"மாமா, முன்னாடி இடது பக்கம் டக்கு டக்குன்னு வருது. சக்கரத்துகிட்ட ரப்பர் புஷ் தேஞ்சிருக்குமோ?"

தேய்ந்துதான் இருந்தது. பெரியவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வெளியே, "ம்" என்றார்.

4

அந்தத் திங்கட்கிழமை அவள் சிக்னலில் நின்றிருந்தபோது டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. வண்டி முனகி, இழுத்து, ஓரமாகப் போய் நின்றது. அவள் முதலில் போன் செய்தது புருஷனுக்கு அல்ல.

"மாமா, முக்கோணம் வந்துடுச்சு. வண்டி நகரல."

"என்ன பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணல மாமா. பின்னாடி ஃபேன் ஒரு மாசமா கத்துதுன்னு சொன்னேனே, நீங்கதான் வெயில்னால இருக்கும்னு சொன்னீங்க."

(அவள் சொல்லியிருந்தாள். அவரும் அப்படித்தான் பதில் சொல்லியிருந்தார். இந்த இரண்டு வரியும் முதல் பிரதியில் இல்லை. மனைவி படித்துவிட்டு, "ஃபேன் எங்கே போச்சு?" என்று கேட்ட பிறகு சேர்த்தேன்.)

5

வியாழக்கிழமை மதியம் சம்பந்தி தன் மனைவியோடு சாப்பிட வந்திருந்தார். பெண்ணைப் பெற்றவர், அதிகம் பேசாத மனிதர். மேஜையைச் சுற்றி ஆறு நாற்காலி, ஆறு பேர். வண்டியைக் காணோமே என்று அவர் மரியாதைக்குத்தான் விசாரித்தார்.

"பேட்டரி போச்சு" என்றார் பெரியவர். "பின் சீட்டுக்குப் பின்னாடிதான் அது இருக்கு. மூணு வருஷமா அதுகிட்ட ஈர மூட்டையை அடுக்கினா எது தாங்கும்?"

"தண்ணி போயிருந்தா துருவாவது தெரியுமே மாமா. ஒரு தடவை திறந்து பாத்துடலாம்" என்றாள் மருமகள்.

"திறந்து பாக்கணுமா? எனக்கே சொல்லித் தரியா? பொருளோட அருமையைப் பொறந்த வீட்டுல சொல்லிக் கொடுத்திருக்கணும்."

(கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் இளக்கலாமா என்று ஒரு காலைப் பொழுது முழுக்க யோசித்தேன். 'பொருளைப் பார்த்துக் கையாளணும்' என்று எழுதிப் பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. சொன்னதுதான் மேலே இருக்கிறது.)

சம்பந்தி கையிலிருந்த ஸ்பூனைச் சத்தம் வராமல் தட்டில் வைத்தார். அதன் பிறகு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை கார்ச் சாவி பெரியவரின் எழுது மேஜையில் இருந்தது. மருமகள் நீச்சல் பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். "மாமா, டீ" என்பதற்கு மேல் அவளிடமிருந்து பேச்சு வரவில்லை.

6

வண்டியைத் திறந்தவருக்கு மின்னல் என்று பட்டப்பெயர். ஒரு திருகைக் கழற்றக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்பவர் என்பதால் வந்த பெயர். பழைய ஹைபிரிட் என்றால் இந்த வட்டாரத்தில் அவர்தான். பின் சீட்டைத் தூக்கி வெளியே வைத்தார். சீட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சல்லடை மூடி. பேட்டரிக்குக் குளிர்ந்த காற்று போகிற வழி அது ஒன்றுதான். அதன் மேல், சுருக்கம் இல்லாமல், நன்றாகச் செருகப்பட்டு, வெள்ளை உறை.

உள்ளே ஃபேனில் வெள்ளைப் பஞ்சு, ஒரு பூனைக்குட்டி அளவுக்கு.

"ஒரு சொட்டு ஈரம் இல்ல சார். இது நனைஞ்சு சாகல, மூச்சு முட்டிச் செத்திருக்கு. நடுவுல இருக்கிற செல் எல்லாம் சூட்டுல எப்படி வீங்கியிருக்கு பாருங்க. கையேட்டுல படம் போட்டே சொல்லியிருக்காங்களே, படிக்கலையா?"

கையேடு, வாங்கிய நாளில் போட்ட பிளாஸ்டிக் உறையோடு, அழுக்குப் படாமல் முன் பெட்டியில் இருந்தது.

"ஆனா உறையைத் தெச்சவன் கெட்டிக்காரன் சார். என்ன ஒரு அளவு! யாரு?"

"கடையில வாங்கினது" என்றார் பெரியவர்.

முப்பத்தோரு வருடத்தில் சம்பவ இடத்தைப் பார்க்காமல் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் இல்லை அவர். முதல் முறையாகப் போட்டார், அதுவும் சொந்த வீட்டில். அதை மறைக்க ஒரு பொய் வேறு.

7

முடிவுகள்.

அ. *பெரியவர் பேசாமல் உறையை மருமகளிடம் நீட்டுகிறார். அவள் புரிந்துகொண்டு கண் கலங்குகிறாள். இருவரும்*

(குமட்டுகிறது. தவறு இவர் செய்வாராம், புரிந்துகொள்ளும் வேலை அவளுக்காம்.)

ஆ. *"பழசை எல்லாம் வித்துட்டு அவளுக்குப் புதுசா ஒரு மின்சாரக் கார் வாங்கிக் கொடுத்துடுங்கப்பா, முடிஞ்சுது" என்கிறான் மகன்.*

(இது லஞ்சம். தவிர, விற்கச் சொல்லும் அத்தனை பேருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டி தன் கடமையில் ஒரு நாளும் தவறவில்லை. தவறியது அதன் எஜமான். எஜமான் பிசகினதற்கு வண்டியை விற்பது எந்த ஊர் நியாயம்? மின்னல் புதுப் பேட்டரி பொருத்திவிட்டார். வண்டி இப்போது சிக்னலில் முன்பு போலவே சத்தமில்லாமல் நிற்கிறது. இன்னும் பத்து வருடம் ஓட்டிக் காட்டுகிறேன்.)

இ. *பெரியவர் ஒன்றும் சொல்வதில்லை. வயதில் மூத்தவர் இறங்கிப் போனால் குடும்ப மானம் என்ன ஆவது?*

இந்த முடிவுதான் எனக்குப் பிடித்திருந்தது. இதற்கு இரண்டு பக்கம் எழுதினேன், நல்ல நடை. மனைவி படித்துவிட்டுக் காகிதத்தை மேஜையில் வைத்தாள்.

"மானம் மானம்னு ரெண்டு பக்கமா தேடறீங்களே. அன்னைக்குச் சாப்பாட்டு மேஜையில விட்டுட்டு எழுந்தது நீங்கதானே? அங்கே போய்த் தேடுங்க."

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

8

அறிக்கை எங்கே கொடுக்கப்பட்டதோ, திருத்தமும் அங்கேதான் கொடுக்கப்பட வேண்டும். வேலையில் இருந்தபோது இந்த விதிக்காக எனக்குக் கீழே இருந்தவர்களின் உயிரை வாங்கியிருக்கிறேன். மாடிப்படியில் மருமகளை மட்டும் தனியாக நிறுத்தி முணுமுணுப்பது திருத்தம் ஆகாது.

சம்பந்திக்கு நானே போன் செய்தேன். "ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வாங்க" என்றேன். "எதுக்குங்க?" என்றார். "அன்னைக்குச் சாப்பாடு பாதியில நின்னுபோச்சு" என்றேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மேலே 'அவர்' என்று தொடங்கி 'நான்' என்று வந்து நிற்கிறேன். கவனித்திருப்பீர்கள். இப்போது நல்லவனாக வெளியே வந்துவிடுவேன் என்ற பயம் இல்லை.

மின்னலுக்குக் காலையிலேயே சொல்லியாகிவிட்டது. "தெச்சது நான்தான்." அவர் சிரிக்கவில்லை. "அப்ப வேற ஒண்ணு தெச்சுக்கோங்க சார், ஓரத்துல ஜன்னல் வெச்சு" என்றார். தைக்கப் போவதில்லை. ஈரப் பலகை படட்டும். தோல் தோலாக இருக்கட்டும்.

கீழே மணி அடிக்கிறது. ஆறு நாற்காலியும் அன்றைக்கு இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மருமகளின் தட்டுக்குப் பக்கத்தில் கார்ச் சாவி. உறையை மடித்து என் மடியில் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்காதீர்கள். வாக்கியம் தயாராக இருக்கிறது. ஆனால் பழி சொன்ன அன்று நீங்கள் அந்த மேஜையில் இல்லை. எனவே இன்றைக்கும் உங்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

அவள் சாவியை எடுப்பாளா என்பதை மட்டும் உங்களிடம் விடுகிறேன். எனக்கும் தெரியாது. தட்டி நகர்த்திவிட்டாள் என்று முடித்தாலும் சரி. அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள்.

வண்டியை மட்டும் விற்றுவிடாதீர்கள்.