நாற்பது பாட்டில், ஒரே குழாய்

தண்ணீர் சோதிக்கிற என்ஜினியருக்கு நாங்கள் வைத்த பெயர் சென்ட். அவர் காரிலிருந்து இறங்குவதற்கு முன்னால் அவர் வாசனை இறங்கிவிடும். பல நாள் வாசனை மட்டும்தான் இறங்கும். ஊரிலுள்ள நாற்பது ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. பெட்டி தூக்குவது, மோட்டார் போடுவது, பாட்டிலில் சீட்டு எழுதி ஒட்டுவது நான். ஐம்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்து. கோணல்தான், ஆனாலும் படிக்கலாம்.

இந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். என் மகளுக்கு நான்கு மாதக் கைக்குழந்தை. தாய்ப்பால் போதவில்லை. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தாள். ஒரு நாள் பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டாள்: "கிணத்துப் பக்கத்துல கக்கூஸ் குழி இருக்கா? அப்ப தண்ணியில நைட்ரேட் இருக்கும். கொதிக்க வச்சாலும் போகாது, இன்னும் கூடும்."

அன்றிலிருந்து மகள் நாலு தெரு தள்ளிப் போய் ஒரு குடத்துக்குக் கெஞ்சுகிறாள். சில நாள் கிடைக்கும், சில நாள் கதவைச் சாத்துவார்கள். கெட்ட தண்ணீர் உள்ள தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். போன வருட அறிக்கையில் எங்கள் தெரு "நல்ல நீர்". அதனால் லாரி இல்லை.

தண்ணீர் பிடிக்க ஒரு முறை உண்டு. குழாய்க்குள் தேங்கினது போக மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று தரம் அலச வேண்டும். கழுத்துவரை நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது சென்ட்தான். வாயோடு சரி.

கிளம்ப வேண்டிய நாள் காலையில் வெயிலை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அதுவே அவருக்குக் களைப்பாகிவிட்டது.

"யோவ், எல்லாத்தையும் நம்ம ஆபீஸ் குழாயிலயே பிடிச்சிடு. சீட்டுல தெருப் பேர மாத்தி மாத்தி எழுது."

"சார், எங்க தெரு ஒண்ணாவது போயிட்டு வந்துடலாம் சார். பேத்திக்கு உடம்பு..."

"கொதிக்க வச்சுக் குடுய்யா. இதக்கூட நான் சொல்லணுமா?"

படித்த படிப்பு! நர்ஸுக்குத் தெரிந்தது இந்த மூளைக்கு எட்டவில்லை. அவர் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் குழாயடியில் குந்தி நாற்பது பாட்டிலையும் நிரப்பினேன். சீட்டும் எழுதினேன். "ஆபீஸ் குழாய்." "ஆபீஸ் குழாய்." "ஆபீஸ் குழாய்." இருபதாவதில் விரல் பிடித்துக்கொண்டது. உதறிவிட்டு மிச்சத்தையும் எழுதினேன். சென்ட் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியை அப்படியே ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஆய்வகத்து அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசைமேல் நாற்பதும் வரிசையாக நின்றன.

"என்ன சார் இது?"

சென்ட் ஒரு சீட்டைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். மூன்றாவதைத் தொடவில்லை.

"இவன் எழுதப் படிக்கத் தெரியாத ஆளு மேடம். ஒண்ணைப் பார்த்து நாப்பதையும் வரைஞ்சு வச்சிருக்கான்."

"பேப்பர் குடுங்கம்மா," என்றேன். "நாப்பது தெருப் பேரையும் எழுதுறேன். எந்தத் தெருவுக்கு நாங்க போகலைன்னும் எழுதுறேன். அது ரொம்பச் சுலபம், எதுக்குமே போகல."

அந்த அம்மா சிரிக்கவில்லை. சென்ட்டைப் பார்த்தார். "போன வருஷமும் நாப்பதும் ஒட்டிப் பொறந்த மாதிரிதான் இருந்துச்சு. கேட்டதுக்கு, பூமிக்கு அடியில எல்லாம் ஒரே தண்ணிதான்னீங்க. இந்தத் தடவை நானும் கூட வர்றேன்."

வந்தார். எங்கள் தெருவில் மோட்டார் ஓடிய பத்து நிமிடமும் சென்ட் சாக்கடை ஓரத்தில் வெயிலில் நின்றார். ஐந்தாவது நிமிடம் வாசனை போய் வெறும் மனுஷனாகிவிட்டார். பாட்டிலை அலசச் சொன்னதும் கையை நனைக்காமல் அலசப் பார்த்தார். அது எப்படி முடியும் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. என் மகள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இவருதான் உன் சாராப்பா?" என்றாள்.

"ஆமா. கும்பிடாத, திருப்பிக் கும்பிட்டா அவருக்குக் கை வலிக்கும்."

லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராம் நைட்ரேட்தான் இருக்கலாமாம். எங்கள் கிணற்றில் நூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணை மூன்று முறை படித்தேன். லாரி வருகிறது இப்போது, ஒருநாள் விட்டு ஒருநாள்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் "என் நேரடிக் கள ஆய்வில் கண்டறிந்த அபாயம்" என்று சென்ட் எழுதி, அடியில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட கூலியாட்கள் பட்டியலில் என் பெயர். அதிலும் எழுத்துப்பிழை. பேனா எடுத்துத் திருத்திவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் போனேன்.