ஆடிக்கு வெளியே அனுப்பின மாப்பிள்ளை

ஊர்ல யாரும் செய்யாத கூத்தைச் சந்தனம் செஞ்சா. ஆடி பொறந்தா, புதுசாக் கல்யாணமான பொண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துருவாங்க. மாப்பிள்ளை தன் வீட்டுல தனியாக் கெடப்பான். ஆவணி வந்ததும் மறுபடி சேத்து வைப்பாங்க. கந்தர்வக்கோட்டைப் பக்கம் இது வீட்டுக்கு வீடு நடக்குறதுதான். ஆனா சந்தனத்தோட ஒரே மக கார்த்திகா கட்டிக்கிட்டது டேனியல்னு ஒரு நியூசிலாந்துக்காரனை. அவனுக்கு இங்கிட்டு வீடு ஏது, வாசல் ஏது? ஆனி மாசம் கோயில்ல தாலி கட்டி, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்தும் போட்டுட்டு, மாமியார் வீட்டுலயேதான் தங்கியிருந்தான். பொண்ணுதான் ஏற்கெனவே அம்மா வீட்டுல இருக்காளே, அப்பறம் யாரைக் கெளப்புறது? மாப்பிள்ளையைத்தான்.

கொடும்பாளூர்ல மோட்டார் ரிப்பேர் பாக்குற தம்பி முத்துராமனுக்குப் போன் போட்டா.

"மாப்பிள்ளை வீடுன்னு ஒண்ணு வேணும்டா. இந்த ஒரு மாசத்துக்கு நீதான் மாப்பிள்ளை வீடு."

"என்னக்கா விளையாடுறியா? அந்த மனுசன் கடல் தாண்டி வந்துருக்காரு. பொண்டாட்டிய விட்டுப் பிரிச்சு எங்கிட்டு அனுப்புற?"

"கடல் தாண்டி வந்தா மொறை கெடையாதா? சோறு போட முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லு."

முத்துராமன் வேற என்ன சொல்லுவான்! டேனியலுக்கு விவரத்தைச் சொல்றதுக்குள்ள கார்த்திகாவுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. அவன் கேட்டு முடிச்சு, ரெண்டு தடவை "சீரியஸ்?"னு கேட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே பையைத் தூக்கிக்கிட்டுப் பஸ் ஏறிட்டான். தோஹாவுல ஒரு ஆஸ்பத்திரியில அவன் ஆம்புலன்ஸ் டிரைவர், கார்த்திகா அங்க நர்ஸு. அங்கதான் பழக்கம். எதுக்கும் பதறாத ஆளு. "வாரேன் அத்தை"ன்னு கும்பிட்டுட்டுப் போனப்ப, சந்தனத்துக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனாலும் எறங்கி வரல.

ஏன் அவ்வளவு வீம்புன்னு கேட்டா, அதுக்கும் காரணம் உண்டு. புருசன் அடைக்கலம் செத்தப்ப கார்த்திகா பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்தா. நாலு முந்திரி மரத்தையும் ரெண்டு மாட்டையும் வச்சு, ஒருத்தர் வாசல்ல போய் நிக்காம மகளை ஆளாக்கினவ சந்தனம். வெள்ளைக்காரனுக்குக் குடுத்தாச்சு, இனிமே அந்த வீட்டுல மொறையாவது மண்ணாவதுன்னு தண்ணி புடிக்கிற பைப்படியில நாலு பேரு பேசினது அவ காதுல விழுந்துருச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டா. ஒரு சீரு கொறையக் கூடாது, ஒரு சடங்கு விடக் கூடாது. ஆடிப் பதினெட்டுக்கு மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்து, பலகாரத்தட்டோட தம்பி வீட்டுக்கே கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்தா. ஊரு வாயடைச்சுப் போச்சு.

ஆவணி பொறந்ததும் டேனியல் வந்தான். ரொம்ப நாள் இருக்க முடியல. கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் தோஹா வேலையை விட்டாச்சு, அவனுக்குச் சொந்த ஊர்ல பாத்து வச்ச புது வேலை கூப்பிட்டுருச்சு. நியூசிலாந்துல தெக்கால கடைசியில இன்வர்கார்கில்னு அவன் ஊரு. போன கையோட கார்த்திகாவுக்குப் பொண்டாட்டி விசாவுக்கு எழுதிப் போட்டான். கல்யாணப் போட்டோ, சேர்ந்து தங்கினதுக்கு அத்தாட்சி, போன்ல பேசினது, மெசேஜ் அனுப்பினது எல்லாத்தையும் கேட்டாங்களாம். புருசன் பொண்டாட்டி பேசிக்கிட்டதையெல்லாம் எடுத்துக் கவர்மெண்டுக்குக் காட்டணுமான்னு சந்தனம் தலையில அடிச்சுக்கிட்டா.

ஐப்பசியில வந்து சேந்துச்சு வில்லங்கம். விசா ஆபீஸர் அம்மா ஒருத்தங்க அவனுக்குத் தனியாப் போன் பண்ணி, இவளுக்குத் தனியாப் போன் பண்ணி, ஒரே கேள்வியக் கேட்டாங்க. கல்யாணம் ஆன அடுத்த மாசம் ரெண்டு பேரும் ஒண்ணா இல்லை போலருக்கே, ஏன்?

டேனியல் உள்ளதைச் சொன்னான். மாமியார் அனுப்பிட்டாங்க, அவங்க வழக்கம் அது. கார்த்திகா என்ன சொன்னாங்கிறீங்க? அவரு எங்க மாமாகூடக் கோயில் கொளம் சுத்திப் பாக்கப் போனாருன்னு சொல்லிட்டா. ரெண்டும் ஒட்டல. மறு வாரம் மெயில் வந்துருச்சு. உங்க ரெண்டு பேரு பேச்சும் வேற வேறயா இருக்கு, இது நெசமான கல்யாணமான்னு சந்தேகமா இருக்கு, பொண்ணு வீட்டுக்குச் சம்மதமான்னும் தெரியல, பொண்ணோட அம்மாகிட்ட வீடியோவுல பேசணும்னு.

"ஏன்டி அப்படிச் சொன்ன? உள்ளதைச் சொல்றதுக்கு என்ன கேடு?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? ஆடியில புருசன் பொண்டாட்டி சேரக் கூடாதுன்னு எங்கம்மா பிரிச்சு வச்சாங்கன்னு முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டச் சொல்லவா? ஒன்னையக் கொடுமைக்காரின்னு நெனைக்க மாட்டாங்களா?"

சந்தனத்துக்கு அப்பத்தான் வெளங்குச்சு. தன் மானத்தைக் காப்பாத்தத்தான் மக பொய் சொல்லியிருக்கா. அது அவளைச் சுட்டது நெசம். ஆனா அதுக்கும் அடியில, வெளிய சொல்ல முடியாத ஒரு சந்தோசமும் இருந்துச்சு. விசா கெடைக்கலைன்னா மக இங்கயே இருப்பா. பெத்தவ மனசு, என்ன பண்றது!

சந்தோசத்துக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு, அதைக் கார்த்திகாவும் வாய் தொறந்து சொல்லல, சந்தனமும் கேக்கல. கார்த்திகா மாசமா இருந்தா. பால் காயிற வாசம் வந்தா கொல்லைக்கு ஓடுறது, கேட்டா கேஸ் ட்ரபுள்னு சொல்றது. நர்ஸுக்குப் படிச்ச புள்ளைதான், ஆனா பெத்தவளை ஏமாத்தலாம்னு நெனச்சா பாருங்க, அங்கதான் படிப்பு பத்தல. மாசா மாசம் வர்றது வரலைங்கிறது ஒரே வீட்டுல இருக்கிறவளுக்குத் தெரியாமப் போகுமா? எந்த மாசம் நின்னுச்சுன்னும் சந்தனத்துக்குத் தெரியும். ஆடியில உண்டான கரு அது. சித்திரையில பொறக்கும். ஊரைக் கூட்டி ஆடி மொறை செஞ்ச வீட்டுல சித்திரையில தொட்டில் கட்டினா, பைப்படியில எப்படிச் சிரிப்பாங்க! அம்மாவுக்கு அந்தத் தலைக்குனிவு வேண்டாம்னுதான் கார்த்திகா மூடி மறைச்சா. அந்த ஊருக்குப் போயிச் சேந்த பெறகு சொல்லிக்கலாம்னு இருந்தா. ஆபீஸர்கிட்ட இதைச் சொல்லியிருந்தா அன்னைக்கே சந்தேகம் தீந்திருக்கும், அதையும் சொல்லல.

மொதப் பிரசவம் அம்மா வீட்டுல. கார்த்திகா வயசுக்கு வந்த நாள்லேருந்து சந்தனம் ஆசைப்பட்டதுன்னா அது ஒண்ணுதான். மெயில் வந்த அன்னைக்கு மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பாத்தா. விசா மறுத்துட்டா, திரும்ப எழுதிப் போட்டுக் கெடைக்கிறதுக்குள்ள சித்திரை வந்துரும். புள்ள இந்த வீட்டுல பொறக்கும். ஊரு சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகட்டும்.

வீடியோவுல பேசுற நாளு வந்துச்சு. காலையில பால் கறந்து ஊத்திட்டு, நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு, லேப்டாப்புக்கு முன்னாடி உக்காந்தா. திரையில நரைச்ச முடியோட ஒரு அம்மா. இன்னொரு கட்டத்துல கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு, மொழி மாத்திச் சொல்றவ, யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"அம்மா, அவா கேக்கிறதை நான் தமிழில சொல்லுவன், நீங்க சொல்லுறதை இங்கிலீஷில சொல்லுவன். ஒண்டையும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். முதல்ல உங்கட மகளை வெளியில இருக்கச் சொல்லுறா."

கார்த்திகா எந்திரிச்சு வாசப்பக்கம் போயிக் கதவைச் சாத்திக்கிட்டா.

"மருமகனை ஏன் வீட்டை விட்டு அனுப்பினீங்கள் எண்டு கேக்கிறா. உங்களுக்கு அவரைப் பிடிக்கேல்லையோ?"

"புடிக்காமத்தான் பொண்ணைக் குடுத்தேனா? அவரை நான் வெரட்டலைங்க, மொறை செஞ்சேன். எங்க பக்கம் ஆடியில சேந்து இருந்தா, சித்திரையில புள்ள பொறக்கும். கத்திரி வெயில்ல மனுசன் மூச்சு விட முடியாது. பெத்தவளும் தவிச்சுப்போவா, பச்சப்புள்ளையும் தாங்காது. அதுக்குத்தான் ஆடி முழுக்கப் பிரிச்சு வைக்கிறது. எங்கம்மா என்னையும் வச்சா."

அந்தப் பொண்ணு மாத்திச் சொன்னா. நரைச்ச அம்மா எழுதிக்கிட்டாங்க. பெறகு நிமிந்து பாத்து ஒண்ணு கேட்டாங்க.

"அப்ப அந்த மாசம் முழுக்க அவை ரெண்டு பேரும் சந்திக்கவே இல்லையோ எண்டு கேக்கிறா."

சந்தனம் வாயைத் தொறந்தவ மூடிட்டா. இல்லைங்கன்னு சொன்னாப் போதும். மொறையும் நிக்கும், மானமும் நிக்கும், மகளும் வீட்டுல நிப்பா. புதுசாப் பொய் ஒண்ணும் கட்ட வேண்டியதில்லை, ஊரே அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்கு. அந்தச் சொல்லு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அப்ப வாசப்பக்கம் கார்த்திகா ஓங்கரிக்கிற சத்தம் கேட்டுச்சு. வாயைப் பொத்திக்கிட்டு, உள்ள கேட்டுறக் கூடாதுன்னு அடக்கி அடக்கி ஓங்கரிக்கிறா. பக்கத்துல போயி நெத்தியப் புடிச்சுக்க ஆளு இல்லாம. புடிக்க வேண்டியவன் எங்கயோ கடலுக்கு அங்கிட்டு இருக்கான். பெத்தவ இங்கயே இருந்தும் தெரியாத மாதிரி உக்காந்துருக்கா. சந்தனத்துக்குத் தன் மேலயே ஆத்திரம் வந்துருச்சு.

"சந்திச்சாங்க"ன்னா. "மாப்பிள்ளை கொடும்பாளூர்லேருந்து புதுக்கோட்டை வந்து, பஸ் மாறி, எங்க ஊரு வந்து எறங்குவாரு. வீட்டுப் பக்கம் வர மாட்டாரு. பின்னால முந்திரிக்காட்டுல வந்து நிப்பாரு. இவ மாட்டுக்குப் புல்லு அறுக்கப் போறேன்னு போவா. எங்க வீட்டு மாடு அந்த ஆடியிலதாங்க வயிறாரத் தின்னுச்சு."

மொழி மாத்துற பொண்ணு சிரிப்பை முழுங்கிட்டுச் சொன்னா. ஆபீஸர் அம்மா எழுதுறதை நிறுத்திட்டாங்க.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒரு நாள் மாடு அவுத்துக்கிட்டு ஓடிருச்சு, தேடிக்கிட்டுப் போனேன். ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு வந்துருக்காரு, கொடை எடுத்துட்டு வர மாட்டியான்னு இவ அந்தத் திட்டுத் திட்டுறா. அவரு இங்கிலீஷ்ல ஏதோ மல்லுக்கு நிக்கிறாரு. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா நானும் புருசனோட குடும்பம் நடத்துனவதானேங்க. அந்தச் சண்டையப் பாத்தா எனக்குத் தெரியாதா? திட்டிக்கிட்டே தன் துப்பட்டாவால அவரு தலையத் துவட்டி விட்டா. பொய்யாக் கல்யாணம் பண்ணவன் ரெண்டு பஸ் ஏறி வந்து திட்டு வாங்கிட்டுப் போவானா? நான் பாக்காத மாதிரி மாட்டை ஓட்டிக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. இன்னைக்கு ஒங்ககிட்டத்தான் சொல்றேன்."

மூச்சு வாங்குச்சு. ஆனா நிறுத்தல. நிறுத்தினா மறுபடி வாய் வராதுன்னு அவளுக்குத் தெரியும்.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன். எம் மக மாசமா இருக்கா. ஆடியில உண்டானது. சித்திரையில பெறுவா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் ஒங்களுக்கு?"

கதவு தொறந்துச்சு. கார்த்திகா நின்னா, மூஞ்சியெல்லாம் தண்ணி. "அம்மா..." ஆபீஸர் அம்மா அவளையும் உக்காரச் சொன்னாங்க. இதை முன்னாடியே ஏன் சொல்லலைன்னு கேட்டாங்க. கார்த்திகா அம்மாவைப் பாத்தா, தலையக் குனிஞ்சுக்கிட்டா. அந்த அம்மாவுக்கு அதுவே வெளங்கிருச்சு போல, மேல கேக்கல. ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்புங்க, என் சந்தேகம் தீந்துபோச்சுன்னாங்க. கடைசியா, அம்மாவுக்கு ஏதும் கேக்கணுமான்னு கேட்டாங்க.

சந்தனம் திரைப்பக்கமாக் குனிஞ்சா.

"ஒங்க ஊர்ல சித்திரை மாசம் வெயில் எப்படிங்க இருக்கும்?"

மொழி மாத்துற பொண்ணு, ஏப்ரல் மேன்னு கணக்குச் சொல்லிக் கேட்டா. பதிலைக் கேட்டுத் தமிழ்ல சொன்னா.

"அங்கை அப்ப வெயிலே இல்லையாம் அம்மா. குளிர் தொடங்குற காலமாம். வீட்டுக்குள்ள சூடாக்கிற மெஷின் போட்டுக்கொண்டுதான் இருப்பினமாம்."

திரை அணைஞ்சு போச்சு. வெளிய மாடு கத்துச்சு, யாரும் எந்திரிக்கல. கார்த்திகாதான் மொதல்ல வாயத் தொறந்தா.

"மொதப் பிரசவம் நம்ம வீட்டுலதான்னு சொல்லிக்கிட்டே இருப்பியேம்மா. சொல்லாம விட்டுருந்தா நான் இங்கயே கெடந்திருப்பேன்ல?"

"கெடந்திருப்ப. நானும் அப்படித்தான் நெனச்சேன், வாய் வரைக்கும் வந்துருச்சு." சந்தனம் சேலைத் தலைப்பால மக மூஞ்சியத் தொடச்சுவிட்டா. "இந்த ஓட்டு வீட்டுல சித்திரையில மனுசன் இருக்க முடியுமாடி? குளுருற ஊர்லயே பெத்துக்க."

சொல்லி முடிக்கலை, அழுகை வந்துருச்சு. சத்தம் போட்டே அழுதா. அழுதுக்கிட்டே, இத்தனை நாளும் தெரியாத மாதிரி நடிச்சதுல தொட முடியாமக் கெடந்த மக வயித்துல மொத தடவையாக் கையை வச்சா.