வெள்ளைக்காரன் எடுத்த துலுக்காணம்

கன்னியம்மாவுக்குப் புருஷனின் முகம் மறந்துபோயிற்று. கம்பெனி கேன்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டே இதை என்னிடம் சொன்னாள். கும்மிடிப்பூண்டியில் போல்ட்டு நட்டு செய்யும் கம்பெனி அது. இருவரும் பேக்கிங்கில் இருந்தோம், குடியிருப்பும் ஆரம்பாக்கத்தில் அடுத்தடுத்த வீடு.

"கண்ண மூடினா கொரலு வருது, இருமுறது வருது. மூஞ்சி மட்டும் வரமாட்டேங்குது சாராக்கா. மூணு வருசத்துல மறந்துட்டேனே, நான்லாம் ஒரு பொம்பளையா?"

அவள் புருஷன் துலுக்காணம் பழவேற்காடு ஏரி முகத்துவாரத்தில் படகோடு போனவன். உடம்பு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலாவது ஸ்டூடியோக்காரனைக் கூப்பிட்டு, நாற்காலியில் சாய்த்துவைத்து ஒரு படம் எடுத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் பலபேர் முதல்முதலாகப் போட்டோவுக்கு உட்காருவதே செத்த பிறகுதான். அவனுக்கு அதற்கும் கொடுத்துவைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வடை மடித்து வந்த முந்தின நாள் பேப்பரில் ஒரு படம் வந்தது. பட்டணத்து மியூசியத்தில் பல தேசத்துக் கலைஞர்களின் நவீனக் கலைக் கண்காட்சி, ஞாயிறோடு முடிகிறது என்று போட்டு, கீழே ஒரு பாய்மரப் படகு. கன்னியம்மா எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பாயின்மேல் விரலை வைத்தாள். பாயில் இருந்த கட்டம்போட்ட ஒட்டு, அவள் தன் சேலையைக் கிழித்துத் தைத்தது. படகில் கழியோடு நின்றவனின் முகம் மட்டும் வெளுத்திருந்தது. மசி சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்தோம்.

"அவரு இருந்தப்போ ஒரு வெள்ளக்காரன் கேமராவ தூக்கிக்கினு எங்க குப்பத்துல சுத்திக்கினு இருந்தான்க்கா. அவன்தான் எடுத்துக்கீறான். அங்க பெருசா மாட்டியிருப்பான். மூஞ்சி நல்லா தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு மட்டம் போட்டுவிட்டு அவளோடு ரயில் ஏறினேன். எமர்ஜென்சி நேரம், அதனால் ரயில்கூட ஒழுங்காக வந்தது. தூக்குச்சட்டியில் சோறும் மடவை மீன் குழம்பும், கையில் ஒரு வாழையிலையும் வைத்திருந்தாள்.

"செத்த காலேஜுக்குப் போறமா, கல்யாணத்துக்குப் போறமா?" என்று கேட்டேன். செத்த காலேஜ் என்பது மியூசியத்துக்கு எங்கள் ஜனம் வைத்த பெயர்.

அவள் சிரிக்கவில்லை. "மூஞ்சியப் பாத்து ஒரு தபா படைக்கணும்க்கா. அவ்ளோதான்."

உள்ளே ஒரு கூடத்தில் துருப்பிடித்த இரும்பை முறுக்கி நிறுத்தியிருந்தார்கள். எங்கள் கம்பெனிப் பின்கட்டில் கொட்டிக்கிடப்பது இதைவிட லட்சணமாக இருக்கும். இன்னொரு சட்டத்தில் வெறும் வெள்ளைப் பூச்சு. அதன்முன் படித்தவர்கள் கைகட்டி நின்றார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற கூட்டம்.

கடைசிச் சுவரில் துலுக்காணம் நின்றான், ஆள் உயரத்துக்கு. முழங்காலில் கயிறு அறுத்த தழும்புகூடத் தெரிந்தது. படகு விளிம்பைக் கால்விரல்கள் கவ்விப் பிடித்திருந்தன. கழுத்துக்கு மேலே, முகம் இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளையாகச் சுரண்டி எடுத்திருந்தது. பக்கத்துப் படங்களிலும் அப்படியே. வேறு வேறு தேசத்து ஆட்கள், ஒருவருக்கும் முகம் இல்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. காவலுக்கு நின்ற ஆளைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாய்யா இது? மூஞ்சி எங்க?"

"எடுத்த ஆளே வேணும்னுதாம்மா சுரண்டிக்கீறாரு. அதான் ஆர்ட்டாம். நான் இன்னா பண்ணுவேன்?"

"ஆர்ட்டா? அந்த ஆளோட பொண்டாட்டி வந்து நிக்கிறா. அவளுக்கு இன்னா பதில் சொல்றது?"

"அக்கா, கம்முனு இரு" என்றாள் கன்னியம்மா.

அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் படத்தின்முன் தரையில் இலையை விரித்துக்கொண்டிருந்தாள். சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு விழுந்து கும்பிட்டாள். கூடம் முழுக்க மீன் வாசனை. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, இதுவும் கண்காட்சியில் சேர்த்தி என்று எண்ணினார்களோ என்னவோ, தள்ளி நின்று மரியாதையாகப் பார்த்தார்கள்.

காவலாள் ஓடிவந்தார். "ஐயோ, இங்க சோறெல்லாம் வைக்கக் கூடாதும்மா. என் வேலை பூடும்."

"படையல்யா. செத்துப்போன ஊட்டுக்காரரு" என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சீக்கிரம் எடுத்துக்கச் சொல்லுங்க" என்று முணுமுணுத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

படைத்த சோற்றை வெளியே மரத்தடியில் வைத்துச் சாப்பிட்டோம். அந்த வெள்ளைக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். "இத்தினி தூரம் வந்து ஏமாந்துட்டியேடி" என்றேன்.

கன்னியம்மா முள்ளை எடுத்து இலையோரம் வைத்தாள்.

"அத்தாம்பெரிய கேமரா வச்சிக்கினு கிட்ட நின்னு எடுத்தான். அவன் படத்துலயே மூஞ்சி நிக்கல, பாத்தியாக்கா? எங்கெங்கியோ கீற ஜனத்துக்கும் நிக்கல."

"அவன் சுரண்டினான்டி, பைத்தியக்காரி."

"சுரண்டினாத்தான் இன்னா? அங்க வந்த அத்தினி பேரும் மூஞ்சி இருந்த எடத்துல அந்த வெள்ளையத்தானே பாத்துக்கினு நின்னாங்கோ." சோற்றைப் பிசைந்தாள். "நான் ஒருத்திதான் மறந்துட்டேன், அந்தாளுக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு நெனச்சி நெனச்சி செத்துக்கினு இருந்தேன்க்கா."

பிறகுதான் அழுதாள். துலுக்காணம் போன அன்றுகூட அப்படி அழுததில்லை என்று அவள் மாமியாரே என்னிடம் குறை சொல்லியிருக்கிறாள். போகிறவர்கள் நின்று பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள். குழம்புக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். அந்த வெள்ளைக்காரனைத் திட்டுவதை அத்தோடு விட்டேன்.