ஞாயிற்றுக்கிழமை அப்பா

இறந்துபோன தங்கையின் வீங்கிய காலுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினான். பின்னாலேயே அவனுடைய வக்கீல்.

உள்ளே வந்தவன் தலைமாட்டில் பொத்தென்று உட்கார்ந்து, அவள் நெற்றியைத் தடவி, "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேம்மா!" என்று பெருங்குரலெடுத்து அழுதான். எதிர்வீட்டு டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அடுத்த காலுறையை எடுத்தாள். 'இருதய நோய் என்று நடிக்கிறாள், குழந்தையை வளர்க்க லாயக்கில்லாதவள்' என்று விவாகரத்து வழக்கில் சொன்ன வாய்தான் இது. நடித்தவள் நேற்றுச் சாயங்காலம் தான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸைச் சட்டத்தில் பொருத்தியபடியே சரிந்துவிட்டாள்.

தீர்ப்பு வரும்வரை குழந்தை அம்மாவிடம் இருக்கட்டும், ஞாயிறுதோறும் அப்பா வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று கோர்ட் சொல்லியிருந்தது. பாதி ஞாயிறு அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தை ஷூவை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தே தூங்கிப்போகும்.

இப்போது அது அக்காவின் கையை இழுத்தது. "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே பெரியம்மா, அப்பா ஏன் வந்திருக்கார்?"

அழுகை சட்டென்று நின்றது. அவன் எழுந்து அக்காவைச் சமையலறைப் பக்கம் அழைத்தான்.

"அக்கா, பாப்பாவோட துணிமணி எல்லாம் எடுத்து வைங்க. அடக்கம் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்."

"அவ அம்மா இன்னும் வீட்டை விட்டே கிளம்பல."

"அவ போனதோட கேஸும் போச்சு. நான் பெத்த அப்பன். நீங்க யாரு தடுக்க?"

"ராத்திரியில பாப்பா எதுக்குப் பயந்து எந்திரிப்பான்னு தெரியுமா உங்களுக்கு?"

"அதெல்லாம் பழகிடும்."

"அனுப்ப மாட்டேன். கோர்ட்ல கேளுங்க, வர்றேன்."

சமையலறை வாசற்படியில் நின்ற வக்கீல் தொண்டையைச் செருமினார். "அப்பாவுக்குத்தாம்மா முதல் உரிமை. வீணா அலையாதீங்க."

"அலையறேன் சார். என் தங்கச்சி அந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு ஏறி இறங்கின படிதானே."

மாப்பிள்ளை பிணத்தைத் தொட்ட கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். குழாயைத் திறந்து, சோப்பைத் தேய்த்து, நகக்கண் முதல் முழங்கைவரை கழுவினான். துண்டில் துடைத்துக்கொண்டு போனான்.

கூடத்தில் அழுகை மறுபடி தொடங்கியது.

அக்கா ஒரு காகிதத்தால் அந்தச் சோப்பை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, துண்டையும் போட்டாள்.