கறுக்காத தூண்

எங்கள் குடும்பத்தில் வண்டிக்கு அடியில் படுத்தவன் நான் ஒருவன்தான். என் அத்தா பீர்முகமது ராவுத்தர் உத்தமபாளையத்தில் ஏலக்காய் மண்டி நடத்தியவர். அவர் வண்டியில் ஏறுவார், இறங்குவார், அத்தோடு சரி. நான் ஜீப் வாங்கிய நாள் முதல் அதன் எஞ்சின் எண்ணெயை என் கையாலேயே மாற்றிவந்தேன். கூலிக்கு ஆள் கிடைக்காமல் இல்லை. கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற வண்டி அது. கொண்டையூசி வளைவில் நின்றுவிட்டால் யாரைக் கேட்பது என்று நான் யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது.

இதை நிறுத்தச் சொன்னவன் என் ஒரே மகன் ரியாசுதீன்.

"நேத்து ஜமாத் தலைவரு வந்தாக அத்தா. நீங்க வண்டிக்கு அடியில கெடந்தீக. அவுக ஒங்க காலப் பாத்து சலாம் சொன்னாக."

"பதில் சலாம் சொன்னேனேடா."

"சிரிக்காதீக. பீர்முகமது ராவுத்தர் மகன் மண்ணுல படுத்துக் கெடக்குறது நமக்கு மரியாதையா?"

மரியாதை என்ற சொல்லை எடுத்தான். என்னிடம் எந்தச் சொல் செல்லும் என்று அவனுக்குத் தெரியும்.

அது 2004ஆம் ஆண்டு. தேனி ரோட்டில் அவன் கடை திறந்தான். முன்னால் கண்ணாடி அறை, அதில் மெத்தை நாற்காலி, டி.வி., வருகிறவர்களுக்கு டீ. வண்டி மட்டும் பின்பக்கம் ஷட்டருக்குள் போகும். பத்து நிமிடத்தில் எண்ணெய் மாற்றி வெளியே வந்துவிடும். வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு நீல எழுத்தில் எழுதியிருந்தது: பீர்முகமது ராவுத்தர் ஆயில் சர்வீஸ். என் அத்தாவின் பெயரை வைக்க என்னிடம் அனுமதி கேட்டுத்தான் வைத்தான். கொடுத்தேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது சொன்னேன். ஜீப் ஸ்டாண்டில் சொன்னேன். சனிக்கிழமைகளில் குச்சனூர் கோவிலுக்குப் போகிற வேன்காரர்களிடமும் சொன்னேன். என் மகன் கடை என்று சொல்லவில்லை, என் அத்தா பேர் போட்ட கடை என்றே சொன்னேன். ஊர் அந்தப் பேச்சை ஏற்றுக்கொண்டது. கடையில் வண்டிகள் வரிசையில் நின்றன.

என் ஜீப்பையும் அங்கேயே விட்டேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கழித்த பழைய எண்ணெயை எனக்கு ஒரு கேனில் தந்துவிட வேண்டும். என் தென்னந்தோப்புக்கு அடுத்த காட்டுக்காரர் வேல்பாண்டி அதற்குக் காத்திருப்பார். மாட்டுக் கொட்டத்து மரத்தூண்களில் அதைப் பூசினால் கரையான் ஏறாது. வருஷக்கணக்காக என் ஜீப் எண்ணெய்தான் அவர் கொட்டத்தைக் காத்தது. ரியாசுதீன் ஒவ்வொரு முறையும் கேனைத் தன் கையாலேயே கொண்டுவந்து ஜீப்பில் வைப்பான். நான் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் வேல்பாண்டியிடம் இறக்கிவிடுவேன்.

எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பார்கள். டீசல் எஞ்சினில் புது எண்ணெய் ஊற்றினாலும் தோட்டம் போய்த் திரும்புவதற்குள் கறுத்துவிடும். நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. விரலில் தேய்த்துப் பார்த்தால் தெரியும். ஆனால் மகன் மாற்றிய எண்ணெயைத் தகப்பன் தேய்த்துப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

முத்துவீரன் ஜீப் ஓட்டுகிறவன். தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுவான். அந்த ஜீப் ஒன்றே அவன் சொத்து. மாசி மாதத்தில் ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ராவுத்தரய்யா, மெட்டுல எஞ்சின் பிடிச்சு நின்னுருச்சு. பொம்பளையாளுகள எறக்கி நடக்கவிட்டு வந்தேன். ஆயில எறக்கிப் பாத்தா தாரு கணக்கா கெடக்குது. ஒங்க கடையில மாத்தி ஒரு மாசம் ஆகலய்யா."

நான் ரியாசுதீனைக் கேட்டேன்.

"லோடு அத்தா. புளிமூட்ட மாதிரி ஆளுகள அடைக்கிறான். எஞ்சின் என்ன செய்யும்?"

மறுநாள் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். எல்லா டிரைவர்களும் நின்றார்கள். "அளவா ஏத்துறதக் கத்துக்க முத்துவீரா. வண்டியக் கொன்னுபுட்டு எங்க அத்தா பேரச் சந்திக்கு இழுக்காத" என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். இப்போது வேறொருவர் வண்டிக்குச் சம்பள டிரைவர்.

சித்திரையில் தோப்புக்குப் போயிருந்தேன். வேல்பாண்டி வரப்பில் நின்றபடியே குரல் கொடுத்தார்.

"ராவுத்தரே, ஒங்க ஜீப்புக்கு என்ன, குங்குமப்பூ குடுக்குறீகளா?"

"என்னய்யா சொல்ற?"

"வரவர நெறம் வெளுக்குது. இங்கன வந்து பாருங்க."

கொட்டத்துக்குள் கூட்டிப் போனார். பழைய தூண்களெல்லாம் அடியிலிருந்து இடுப்பு உயரம் வரை கன்னங்கரேல் என்று இருந்தன. இந்த வருடம் புதிதாக நட்ட இரண்டு தூண்கள் மட்டும் வெல்லப்பாகு நிறத்தில் நின்றன. அவற்றின் மேல் கரையான் மண்கோடு கட்டி ஏறியிருந்தது.

"நீங்க குடுத்த எண்ணெயத்தான் மூணு வாட்டி பூசுனேன். கரையான் என்னப் பாத்துச் சிரிக்குது. ஒங்க வீட்டு மாப்பிள்ள மாதிரி ஒக்காந்து திங்கிது."

கேனில் மிச்சமிருந்ததை விரலில் தொட்டேன். பழுப்பு. முகர்ந்தேன். பெட்ரோல் வாடை. டீசல் ஜீப்பில் கழித்த எண்ணெய் விரல் ரேகைக்குள் இறங்கிவிடும், இரண்டு நாளைக்குச் சோப்புப் போட்டாலும் போகாது. இது துண்டில் துடைத்ததும் போய்விட்டது. மோட்டார் சைக்கிளில் கழித்த எண்ணெய் இது.

யாரோ ஒருவன் வண்டி எண்ணெயை என் வண்டி எண்ணெய் என்று என் மகன் என்னிடம் கொடுத்திருக்கிறான். அப்படியென்றால் என்னுடையது எங்கே இருக்கிறது?

வேல்பாண்டி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சாபிரா தையல் மெஷினில் இருந்தாள். என் ஜீப்பின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் உள்ள போல்ட்டுக்கு மரை கொஞ்சம் தேய்ந்துபோயிருந்தது. அதனால் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அவளிடம் நூல் வாங்கிப் போல்ட்டில் சுற்றித்தான் முடுக்குவேன். கசியாது. கடைசியாக நான் மாற்றிய அன்று அவள் எங்கள் பேத்தி சானியாவுக்குப் பச்சைப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். பச்சை நூல் கொடுத்தாள். அதன் பிறகு அந்த வேலை ரியாசுதீனின் கடைக்குப் போய்விட்டது.

"நூல் குடு" என்றேன்.

"எதுக்கு?"

"ஆயில் மாத்தப் போறேன்."

மெஷின் நின்றது. அவள் என்னைப் பார்க்காமல் ஊசியைப் பார்த்தாள்.

"அத ஏன் இப்பப் பிரிக்கிறீக? இருக்கட்டும். புள்ள இப்பத்தான் கடை கண்ணின்னு தல நிமிந்திருக்கான்."

மகனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நூல்தான் கேட்டேன்.

"ஒனக்குத் தெரியுமா?"

"வீட்டு வண்டிக்கு எதுக்கும்மா புது ஆயிலுன்னு ஒருநா சொன்னான். வெளையாட்டுக்குன்னு நெனச்சேன்" என்றாள். முப்பத்தெட்டு வருடம் அவளோடு வாழ்ந்தவன் நான். விளையாட்டு என்று அவள் நினைக்கவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. நூலை வாங்காமல் வெளியே வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. குச்சனூர் வேன்கள் கடைவாசலில் நின்றன. எதிரே ஜீப் ஸ்டாண்டில் டிரைவர்கள் இருந்தார்கள். வேல்பாண்டியும் என்னோடு ஜீப்பில் வந்திருந்தார். தூண் பூசும் தென்னைநார்ப் பிரஷ் அவருடைய காலிக் கேனுக்குள் கிடந்தது. நான் ஜீப்பை ஷட்டருக்குள் விடவில்லை. சுவரில் என் அத்தா பெயர் இருந்த இடத்துக்கு நேராக, ரோட்டு ஓரத்தில் நிறுத்தினேன். தகரச் சட்டியையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு, வெள்ளைக் கைலியோடு வண்டிக்கு அடியில் படுத்தேன்.

போல்ட் இரண்டு திருகில் இளகியது. விரலால் கழற்றினேன். எண்ணெய் சூடாகச் சட்டியில் விழுந்தது. விழுந்தது என்றா சொல்வது, கூழ் மாதிரி இறங்கியது. அத்தனை கறுப்பை நான் அந்த எஞ்சினில் பார்த்ததே இல்லை. போல்ட்டைத் துடைத்தேன். மரையில் நூல் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அழுக்குக்கு அடியில் பச்சை.

ரியாசுதீனின் செருப்பு என் தலைமாட்டில் வந்து நின்றது. பிறகு அவன் குந்தினான்.

"அத்தா, வெளிய வாங்க. ஆளுக பாக்குறாக."

"முத்துவீரன் வண்டிக்கும் இப்படித்தானா?"

அவன் எதிரே இருந்த ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தான்.

"எல்லா வண்டிக்குமா?"

"இல்லத்தா. சத்தியமா இல்ல. நின்னு கேள்வி கேக்குறவகளுக்கு ஒழுங்காத்தான் மாத்துவோம்." குரலை இன்னும் தாழ்த்தினான். "ஒங்க பேரச் சொல்லிக்கிட்டு வர்றவக எதையும் கேக்க மாட்டாக. கண்ணாடி ரூம்ல ஒக்காந்து டீ குடிப்பாக. அவுகளுக்கு மட்டும்தான்..."

சட்டியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. என்னை நம்பியவர்களைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறான். நான் பள்ளிவாசல் வாசலில் நின்று ஒவ்வொருவராக அனுப்பிவைத்திருக்கிறேன்.

வெளியே வந்தேன். கைலி முழுவதும் மண். எதிர்ப்பக்கம் நின்ற முத்துவீரனைக் கைகாட்டி அழைத்தேன். அவன் வந்தான். மற்ற டிரைவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"முத்துவீரா, நீ லோடு ஏத்திக் கெடுத்தேன்னு இந்த ஸ்டாண்டுல வச்சுச் சொன்னேன். அது பொய். ஒன் வண்டிக்கு எங்க கடையில எண்ணெயே மாத்தல. என் வண்டிக்கும் மாத்தல. இந்தா, நீயே பாத்துக்க."

சட்டியை அவன் முன்னால் வைத்தேன். பச்சை நூலோடு போல்ட்டையும் காட்டினேன். கண்ணாடி அறையிலிருந்து டீ டம்ளரோடு ஒரு வேன்காரர் வெளியே வந்தார். அவர் பின்னால் இன்னும் இருவர்.

"அத்தா, வீட்டு விசயத்த வீட்டுல பேசலாம்த்தா. குடும்ப மானம் போகுது" என்றான் ரியாசுதீன். கையைப் பிடித்தான்.

"வீட்டுல யாருகிட்டடா பேச?" என்றேன். "எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

வேல்பாண்டியிடமிருந்து பிரஷ்ஷை வாங்கினேன். சட்டியில் தோய்த்து, சுவரில் இருந்த என் அத்தா பெயரின் மேல் இழுத்தேன். ஒரே இழுப்பில் பீர் மறைந்தது. மறு இழுப்பில் முகமது. ராவுத்தர் என்ற எழுத்து நீளம், அதற்கு இருமுறை தோய்க்க வேண்டியிருந்தது. ஆயில் சர்வீஸ் என்பதை அப்படியே விட்டேன். அது அவனுடையது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

வீட்டுக்குப் போக ஜீப்பில் எண்ணெய் இல்லை. ரியாசுதீன் உள்ளே போய்ப் புது டின் ஒன்றைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். நான் அதைத் தொடவில்லை. முத்துவீரன்தான் ரோட்டைத் தாண்டிப் போனான். வேறு கடையில் ஒரு டின் வாங்கிவந்து நீட்டினான்.

வாங்கினேன். மூடியைத் திருப்பி சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். திறந்து, ஒரு சொட்டை விரலில் விட்டுத் தேய்த்தேன். முகர்ந்தேன். அதை முடித்த பிறகுதான் யாருடைய முகத்துக்கு முன்னால் அதைச் செய்கிறேன் என்று உறைத்தது.

"நல்லாப் பாருங்க ராவுத்தரய்யா" என்றான் முத்துவீரன். குரலில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "நானும் அன்னிக்கு இப்படிப் பாத்திருந்தா, இன்னிக்கு அடுத்தவன் வண்டி ஓட்ட மாட்டேன்."

போல்ட்டைத் திரும்ப முடுக்க நூல் வேண்டியிருந்தது. வீட்டில் கேட்ட நூலை வாங்காமல் வந்திருந்தேன். இனிக் கேட்கப் போவதில்லை. தோள் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, போல்ட்டில் சுற்றி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க மறுபடியும் வண்டிக்கு அடியில் படுத்தேன்.